திடலுக்குப் பிள்ளைகளை இறக்கிய புரளி

அன்பில் ஒருநாளும் குறை வைக்காத, என் சந்தேகத்தை மட்டும் தீர்க்காமல் போய்விட்ட அண்ணிக்கு,

உங்கள் கருமாதி முடிந்து வீடு பழையபடி ஆகிவிட்டது. பந்தலைப் பிரித்தாயிற்று. வாடகை நாற்காலிகளை லோரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. அண்ணன் காலையில் உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை காப்பி வைக்கிறார். ஆறிய பிறகு அதை அவரே குடித்துவிட்டு, சீனி போதவில்லை என்று உங்களிடமே குறை சொல்கிறார்.

நான் இந்தக் கடிதத்தை எழுதுவது துக்கத்தைச் சொல்வதற்காக மட்டும் அல்ல. உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் இருந்தபோது பலமுறை வாய் வரை வந்து திரும்பிப் போன கேள்வி. கேட்டால் நீங்கள் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும். இனிமேல் நீங்கள் பேச்சை மாற்ற முடியாது என்பதால் துணிந்து கேட்கிறேன்.

உங்களைத் தகனத்துக்கு எடுத்துப்போன அன்று, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுப் படிக்கட்டில் ஒன்றைப் பார்த்தேன். உங்கள் பேரன் தினேஷ், ஒன்பது வயதுப் பையன், நான்காம் மாடிக்கு ஏறி வரும் வழியில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறான் என்று நினைத்துக் கிட்டே போனேன். அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த உங்கள் மகள் சுமதி அவன் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா சித்தப்பா? அப்படியே என்னைய மாதிரி. டாக்டர் எல்லாம் நல்லா இருக்குங்கிறாரு. ஓடியாடி விளையாடணுமாம், அவ்ளோதான். கெஞ்சிப் பாத்துட்டேன், கத்திப் பாத்துட்டேன், சைக்கிள் கூட வாங்கிக் குடுத்துட்டேன். வீட்டு கேட்டத் தாண்ட மாட்டேங்கிறான். எங்களயெல்லாம் அம்மா எப்படித்தான் கீழ எறக்குனாங்க?"

எப்படி என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் முப்பது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். உறுதி செய்யாத செய்தியைச் சொந்தத் தாயிடம்கூடச் சொல்லிப் பழக்கமில்லை. உறுதி செய்யக்கூடிய ஒரே ஆள் அன்று கூடத்தில் மாலைகளுக்கு நடுவே படுத்திருந்தார். ஆகவே சுமதியிடம், "பொறுமையா சொல்றேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், அண்ணி. தப்பு இருந்தால் கனவிலாவது வந்து திருத்துங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். அண்ணனுக்கு ரயில்வேயில் வேலை. அந்த நாலு மாடிக் குடியிருப்பில் மேல்மாடி வீடு உங்களுடையது. கல்யாணம் ஆகாத நான் முன்னறையில் ஒண்டியிருந்தேன். நீங்கள் அரசாங்கக் கிளினிக்கில் தாதி. கட்டடம் முழுவதற்கும் நீங்கள் மிஸ்ஸிக்கா. யாருக்கு ரத்தக் கொதிப்பு, யாருக்கு இனிப்பு நீர் நோய் என்று எல்லா வீட்டு ரகசியமும் உங்கள் காதில் இருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் வெளியே விட்டு நான் கேட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

சுமதிக்கு அப்போது பதினைந்து வயது, மூன்றாம் படிவம். பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை உடற்பயிற்சிப் பாடம் இருந்தது. பரீட்சை ஆண்டு என்பதால் அதையும் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்டார். பள்ளி விட்டு வந்தால் சாப்பாடு, தூக்கம், டியூஷன், தொலைக்காட்சி. நான்காம் மாடிக்கு வர அவள் இரண்டு இடத்தில் நிற்பாள். நீங்களே கிளினிக்கில் டாக்டரிடம் காட்டினீர்கள். நெஞ்சிலும் கோளாறு இல்லை, நுரையீரலிலும் இல்லை. "இந்த வயசுப் பிள்ளை தினமும் வேர்க்க விறுவிறுக்க ஓடணும், மிஸ்ஸி. மருந்தெல்லாம் ஒன்றுமில்லை," என்றாராம்.

கட்டடத்துக்குக் கீழேயே பெரிய பாடாங் திடல் இருந்தது. இரண்டு கோல் கம்பங்கள், முழங்கால் வரை புல், ஓரத்தில் ஒரு சாக்கடைக் கான். யாரும் போவதில்லை. நீங்கள் அண்ணனிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பொம்பளப் புள்ளய ஆளில்லாத பாடாங்குக்கு அனுப்பச் சொல்றியா? அங்க எத்தன சம்செங் ரவுடிப் பயலுங்க வந்து நிப்பானுங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"ஒருத்தன்கூட நிக்கல. மேலருந்து தினம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நிக்கலன்னா எங்கயோ ஒளிஞ்சிருக்கானுங்கன்னு அர்த்தம்."

அண்ணனுக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. பச்சை விளக்கு எரிந்தாலும் இறங்கிப் போய்த் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்க்கிற மனுஷன். அவரிடம் அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

மறுநாள் சாயங்காலம் சுமதியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனீர்கள். கோயிலுக்குப் போவதை அண்ணன் தடுக்க முடியுமா? அங்கே வெளிப்பிராகாரத்தை அவளுடன் வேகமாகச் சுற்றினீர்கள். நின்று நின்று, பிறகு நிற்காமல். தினமும். உங்கள் கணக்கு எனக்குப் பிடிபட்டது. மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் மாடிக் கமலாக்காவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். மீன் வாங்கினால் அதன் செவுளைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்தமாட்டார்; மீன்காரன் முகத்தையும் ஒருமுறை உற்றுப் பார்ப்பார். அவர் உங்களைப் படியில் மடக்கினார்.

"என்ன மிஸ்ஸிக்கா, தெனமும் கோயில்ல சுத்துறீங்க? எதாச்சும் வேண்டுதலா?"

"இருக்குன்னு வச்சுக்குங்களேன் கமலாக்கா."

"புள்ளையும் சேந்து சுத்துதே... ஓ. பரீட்சைக்கா?"

நீங்கள் சிரித்தீர்கள். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் கமலாக்காவின் மகன் முரளி பிராகாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த வாரமே கட்டடத்தில் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்த அத்தனை வீட்டிலிருந்தும் வந்துவிட்டார்கள். அவர்களோடு தம்பி தங்கைகளும். மிஸ்ஸி மகளே சுற்றுகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். டியூஷனுக்குப் பணம் கட்டத் தயங்காத நம் ஜனங்கள், பரீட்சைக்கு நல்லது என்று தெரிந்தால் பிள்ளையைத் தலைகீழாகக்கூட நிற்க வைப்பார்கள்.

ஷா ஆலமில் ஒரு செய்தி சேகரித்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கியவன் அந்தக் காட்சியைப் பார்த்தேன். வெறுங்காலோடு ஒரு கூட்டம் பிள்ளைகள் கோயிலைச் சுற்றி ஓடுகிறார்கள். யாரோ புதுச் சாமியார் கிளம்பிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இரவுச் சாப்பாட்டின்போது உங்களைக் கேட்டேன்.

"பரீட்சைக்குன்னு நீங்களா சொன்னீங்க அண்ணி?"

"நான் எங்க சொன்னேன்? அவங்களா சொல்லிக்கிட்டாங்க."

"நீங்க மறுக்கலையே."

"உங்க பேப்பர்ல வர்றதெல்லாம் நீங்க மறுக்கிறீங்களா தம்பி? ரசம் ஊத்தவா?"

அந்தப் பதிலில்தான் உங்கள் மேல் எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

கோயில் செயலாளர் தங்கையாவுக்கு வேறு விதமான சந்தேகம். நிர்வாகத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் இத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், அர்ச்சனைச் சீட்டு வாங்குவதில்லை, உள்ளே வந்து திருநீறு பூசுவதுகூட இல்லை என்றால், எதிரணி ஆள் சேர்க்கிறது என்றுதானே அர்த்தம்? நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க யாரு டீமு?"

"எந்த டீமுங்க ஐயா?"

"தெரியாத மாதிரி கேட்டா எப்படி லா? சும்மா ஒருத்தர் இத்தன பேரத் தெரட்டுவாங்களா?"

நீங்கள் அவரை உட்காரவைத்து ரத்தக் கொதிப்புப் பார்த்து அனுப்பினீர்கள். கொதிப்பு அதிகம்தான் இருந்தது.

பரீட்சை முடிந்தது. முடிந்த மறுநாள் சாயங்காலம் பிராகாரத்தில் யாரும் இல்லை. சுமதியையும் உங்களையும் தவிர. அதற்கடுத்த நாள் சுமதியும் வரவில்லை. "பரீட்சதான் முடிஞ்சிருச்சேம்மா," என்றாள். அவளும்கூட அதை நம்பியிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் உங்களுக்கே தெரிந்தது.

கமலாக்கா வீட்டில் வீடியோ பெட்டி வாங்கியிருந்தார்கள். பள்ளி விடுமுறை. கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கூடத்தில் பாயில் கிடந்து ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விடுமுறை முடிவதற்குள் சுமதி மறுபடி படியில் நிற்க ஆரம்பித்துவிட்டாள். அவள் நின்ற சத்தம், அதாவது காலடிச் சத்தம் நின்றுபோனது, அடுப்படியில் இருந்த உங்களுக்குக் கேட்டது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றீர்கள்.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி. முடியிற காரியத்தோட கொண்டுபோய்க் கட்டிட்டேன். இது முடியிற காரியமா? பல்லு வெளக்குற மாதிரி. பரீட்ச முடிஞ்சிருச்சுன்னு எவனாச்சும் பல்லு வெளக்காம இருப்பானா?"

அதன் பிறகு நீங்கள் நேர்வழியில் போனீர்கள். வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். பிள்ளைகளைத் தினமும் ஒரு மணி நேரமாவது பாடாங்குக்கு அனுப்புங்கள், எலும்புக்கு நல்லது, நெஞ்சுக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது என்று கிளினிக்கில் சொல்கிற அதே குரலில் சொன்னீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் மறுக்கவில்லை. சில வாண்டுகள் மட்டும் ரவுண்டர்ஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கின. அண்ணன் சுமதியை விடவில்லை.

"பெரியவங்க யாராச்சும் அங்க நின்னா அனுப்புறேன். நீ நிப்பியா தெனமும்?"

உங்களுக்கு ஷிப்ட் வேலை. தினமும் நிற்க முடியாது. மற்ற வீடுகளில் கேட்டீர்கள். வேலை முடிந்து வந்தால் காலை நீட்டத்தான் நேரம் என்றார்கள். கமலாக்கா கேட்டார்: "நாங்க வந்து நிக்கணும்னு உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கற மிஸ்ஸிக்கா?" நல்லதைச் சொன்னாலும் அவருக்கு அதில் ஏதோ வாடை அடித்தது.

இதற்குப் பிறகுதான் அந்தப் புரளி கிளம்பியது.

புரளி இதுதான்: நம் கட்டடத்து ஒரு வீட்டுப் பெண்ணும் இன்னொரு வீட்டுப் பையனும் சாயங்காலம் பாடாங்கில் ஒரு மாதிரியாகப் பழகுகிறார்கள். பெயர் இல்லை. எந்த மாடி என்று இல்லை. யார் பார்த்தது என்றும் இல்லை.

எத்தனையோ புரளிகளைத் துரத்தியவன் நான். இவ்வளவு நேர்த்தியான ஒன்றைப் பார்த்ததில்லை. வேறு ஊராக இருந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டியிருப்பார்கள். இங்கே பூட்ட முடியாது. எந்த வீட்டுப் பிள்ளை திடீரென்று வராமல் நிற்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளைதான் என்று ஆகிவிடும். ஆகவே போய்க்கொண்டிருந்த பிள்ளை கட்டாயம் போயாக வேண்டும். போகாத பிள்ளையோ, ஏன் போகவில்லை, வீட்டில் எதையாவது மறைக்கிறார்களா என்ற பேச்சு வருவதற்குள் இறங்கியாக வேண்டும். அனுப்பினால் மட்டும் போதுமா? பெற்றவர்கள் கூடவே இறங்கி வந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரே வாரத்தில் பாடாங் நிறைந்துவிட்டது. அம்மாக்கள் பழைய பேப்பரை விரித்துப் புல்லில் உட்கார்ந்தார்கள். அப்பாக்கள் கான் ஓரமாகச் சிகரெட்டும் கையுமாக நின்றார்கள். யாரும் யாருடனும் அதிகம் பேசவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான் எல்லாரும் கவனித்தார்கள். பிள்ளைகளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. புல் மிதிபட்டு மட்டமாகிவிட்டதால் பந்து நன்றாக ஓடியது. அதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் யாரோ, "என்னண்ணே, மகளக் கீழயே காணோம்?" என்று கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"சுமதி! கால்ல சப்பாத்தப் போடு. கீழ போறோம்."

"எதுக்குப்பா?"

"ஓடுறதுக்கு. எதுக்குன்னு என்னா லா கேள்வி?"

நீங்கள் அப்போது கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடி முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்த உங்கள் முகத்தை நான் பார்த்தேன். உங்கள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய செய்தியைக் கேட்டும் ஒன்றுமே இல்லாத முகத்தை நான் நீதிமன்றத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

நான் விசாரிக்க ஆரம்பித்தேன். பழக்கதோஷம். கமலாக்காவிடம் யார் சொன்னது என்று கேட்டேன். இரண்டாம் மாடியில் பேசிக்கொண்டார்கள் என்றார். இரண்டாம் மாடியில் கேட்டால், கமலாக்காதான் சொன்னார் என்றார்கள். வட்டம். வட்டத்துக்கு ஒரு தொடக்கம் இருக்குமே என்று மறுபடி கமலாக்காவிடம் போனேன். நெற்றியைத் தடவி யோசித்தார். "அன்னைக்குத்தான் தம்பி, பிரஷர் பாக்கக் கிளினிக்குக்குப் போய்ட்டு வந்தேன்ல, அன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு. வரிசையில யாரோ பேசிக்கிட்டாங்க. மொகத்தப் பாக்கல." செயலாளர் தங்கையாவின் மனைவியிடம் கேட்டேன். அவரும் அந்த வாரம் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்.

கிளினிக்குக்கு எல்லாரும்தான் போகிறார்கள். அது ஆதாரம் ஆகாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முரளி அறை வாங்கிய நாள் இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

சுமதி அடித்த பந்து கானுக்குள் விழுந்தது. முரளி இறங்கி எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்தான். தூக்கி எறிந்திருந்தால் ஒன்றும் இல்லை, கையில் கொடுத்துவிட்டான். கமலாக்காவின் கணவர் விறுவிறுவென்று நடந்து வந்து, எல்லாருக்கும் முன்னால் மகன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அண்ணன் சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டார். நாலு மாடியும் அவள் நிற்காமல் ஏறினாள். அப்பாவின் பிடியில் நிற்க இடம் இல்லை.

அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை. கீழ்மாடி வீட்டுப் பையன் அவன் அப்பாவிடம் ஓர் அறை வாங்கியதற்கு நீங்கள் ஏன் சாப்பிடாமல் இருக்க வேண்டும், அண்ணி? தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டுக் கமலாக்கா வீட்டுக்கு இறங்கினீர்கள். நானும் பின்னால் வந்தேன். நீங்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்தீர்கள்.

"கமலாக்கா, அப்படியெல்லாம் ஒண்ணுமே கெடையாதுக்கா. பையன அடிக்காதீங்க."

கமலாக்கா கதவை முழுக்கத் திறக்கவில்லை. உங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணுமே கெடையாதுன்னு உங்களுக்கு எப்படி மிஸ்ஸிக்கா தெரியும்?"

என் வாழ்க்கையில் எத்தனையோ மந்திரிகளைக் கேள்வி கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. நீங்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டீர்கள். கடைசியில், "எம்புள்ளையத் தெரியும்க்கா. உங்க புள்ளையையும் தெரியும். பொறந்தப்ப நாந்தான எட போட்டேன்," என்றீர்கள். கமலாக்கா கதவை அகலத் திறந்தார். உள்ளே முரளி சோற்றுத் தட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நீங்கள் போய் அவன் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள். தாதி பார்க்கிற மாதிரி இல்லை அது.

மறுநாள் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணன் சுமதியை இனி விடமாட்டார். கமலாக்கா வீட்டில் முரளியை விடமாட்டார்கள். ஐந்தரை மணிக்கு அண்ணன் ஜன்னலில் நின்று கீழே பார்த்தார். கீழே எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று யார் வரவில்லையோ அவர்கள் வீட்டுப் பிள்ளைதான் என்று ஆகிவிடும்.

"சப்பாத்தப் போடு," என்றார்.

படியில் கமலாக்காவின் கணவரும் முரளியும் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அப்பாக்களும் பாடாங்கின் இரண்டு முனையில் போய் நின்றார்கள். பிள்ளைகள் நடுவில் ஓடினார்கள்.

பிறகு என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். புரளி எந்த நாளில் செத்தது என்று என்னால் சொல்ல முடியாது. சும்மா உட்கார்ந்திருந்த கமலாக்கா ஒரு நாள், "அவுட்டுடா! நான் பாத்தேன்டா, ஏமாத்துறியா?" என்று கத்திக்கொண்டு நடுவே ஓடினார். அன்றிலிருந்து அவர்தான் நடுவர். யாரையும் நம்பாத கண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. அண்ணனும் கமலாக்காவின் கணவரும் ஒரே இடத்தில் நின்று சிகரெட் பிடிக்க ஆரம்பித்தார்கள்; பிறகு சிகரெட்டை விட்டுவிட்டுப் பாடாங்கைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். மழை நாளைத் தவிர மற்ற நாளெல்லாம். புதுப் பரீட்சை வந்தது, போனது. யாரும் நிற்கவில்லை.

ஒரு நாள் நீங்களும் நானும் மேலே ஐந்தடித் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்களாகவே சொன்னீர்கள்: "நல்லதுன்னு சொன்னா எறங்க மாட்டேங்கிறாங்க தம்பி. சந்தேகம்னா ஓடி வர்றாங்க. வந்து நிக்கட்டும். பெத்தவங்க வந்து நின்னாப் போதும், புள்ளைங்க தன்னால ஓடும்." நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் துணி எடுக்க உள்ளே போய்விட்டீர்கள்.

அதுதான் என் கேள்வி, அண்ணி. எந்த வீட்டு ரகசியத்தையும் வெளியே விடாத நீங்கள், எந்த வீட்டிலும் இல்லாத ரகசியம் ஒன்றை அந்தக் கிளினிக் வரிசையில் விட்டீர்களா? விட்டிருந்தால், முரளியின் கன்னம் அதற்குத் தகுமா என்று நீங்கள் எத்தனை நாள் யோசித்தீர்கள்? விடவில்லை என்றால், அன்று ஏன் சாப்பிடவில்லை?

கருமாதி அன்று அண்ணனிடம் கேட்டுவிட்டேன். "அதுவா?" என்றார். உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "பேப்பர்ல போடப் போறியா?" என்று கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். உங்கள் வீட்டில் யாரிடமும் நேர்ப் பதில் வாங்க முடியாது.

இப்போது சுமதியின் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். சுங்கை வேயில் அவள் இருக்கிற தாமான் குடியிருப்பு நீங்கள் பார்த்ததுதான். வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் இரும்புக் கேட். வீட்டுக்கு எதிரே ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் வைத்த நல்ல விளையாட்டுத் திடல். உங்கள் பாடாங்கைவிட எவ்வளவோ மேல். புல்லைக்கூட யாரோ வந்து வெட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு குழந்தை கிடையாது. பிள்ளைகள் பள்ளி வேனில் வந்து இறங்குகிறார்கள், கேட்டுக்குள் போகிறார்கள், டியூஷனுக்குக் காடியில் ஏறும்போதுதான் மறுபடி வெளியே தெரிகிறார்கள். தினேஷ் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு மனுஷனைப் பாலத்துக்குப் பாலம் ஓடவைக்கிறான். அந்த மனுஷனுக்கு மூச்சே வாங்குவதில்லை.

இங்கே புரளி கிளப்பலாமா என்றுகூட யோசித்தேன். நடக்காது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே அவர்கள் மேல் சந்தேகப்பட முடியும்? சுமதிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. அவர் ஓட்டும் காடியின் நிறம்தான் தெரியும்.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. தினேஷைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தத் திடலுக்குப் போனேன். அவன் ஊஞ்சலில் உட்கார்ந்து, "எப்ப தாத்தா வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வரிசையில் ஒரு திரை விலகியது. இன்னொரு வீட்டில் ஒருவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மழை பெய்து நனைந்த செடி. மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் அதே இடத்தில் நின்றேன். அன்று ஒரு கேட் திறந்தது. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பின்னால் அவளுடைய மகள், தினேஷ் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், யாரு வேணும்? எந்த வீடு நீங்க?"

"சும்மாதாம்மா நிக்கிறேன்."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு அவள் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, என்னைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றாள். அம்மா எவ்வளவு நேரம் நிற்பாள் என்று பார்த்த மகள், பொறுமை போய்ச் சறுக்குப் பலகையில் ஏறினாள். தினேஷ் ஊஞ்சலை நிறுத்தினான். அவள் இறங்கி ஓடியபோது, யாரும் சொல்லாமலேயே அவள் பின்னால் ஓடினான். மூச்சு வாங்கியது. நின்றான். மறுபடி ஓடினான். கமலாக்காவின் ஜாடை அந்தப் பெண்ணிடம் அச்சாக இருந்தது. ஜாடை முகத்தில் இல்லை, பார்வையில்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணி. நான் பொய் சொல்லமாட்டேன், புரளி கிளப்பமாட்டேன். முழங்கால் ஒத்துழைக்கிற வரை தினமும் சாயங்காலம் பஸ் ஏறி சுங்கை வேக்குப் போய், அந்தத் திடலின் ஓரத்தில், நாலு வீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில், சந்தேகப்படும்படியாக நிற்பேன். அவர்கள் பிள்ளைகளோடு வந்து என்னைக் கண்காணிக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்களை நம்பாத,
உங்கள் கொழுந்தன்